பேனாவா, கையா? தொடுதிரை வேறுபடுத்தும் விதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்லெட்டில் குறிப்பு எழுதுவோர், படம் வரைவோர், திரையில் எழுதிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், இவர்களுக்காகச் செயலி உருவாக்குவோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. இங்கே 'பேனா' என்பது திரையில் எழுதும் ஸ்டைலஸைக் குறிக்கும். 'கை' என்பதில் விரல் நுனி, உள்ளங்கையின் ஓரம், மடங்கிய சுண்டுவிரலின் கணு எல்லாமே அடங்கும்.

விரல் பட்டதைத் திரை எப்படி அறிகிறது?

இன்றைய கைப்பேசிகளிலும் டேப்லெட்டுகளிலும் இருப்பவை கபாசிட்டிவ் எனப்படும் மின்தேக்க வகைத் தொடுதிரைகள். கண்ணாடிக்கு அடியில், இண்டியம் டின் ஆக்சைடு போன்ற ஒளி ஊடுருவும் மின்கடத்தியால் ஆன தடங்கள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. ஒரு திசைத் தடங்களில் கட்டுப்பாட்டுச் சிப் மின்துடிப்புகளை வரிசையாகச் செலுத்தி, மறுதிசைத் தடங்களில் அவை எவ்வளவு வந்து சேர்கின்றன என்று அளக்கிறது. விரல் நெருங்கும்போது, இரு தடங்களுக்கும் இடையே இருந்த மின்புலத்தில் ஒரு பங்கை உடல் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தச் சந்திப்பில் மின்தேக்கம் சற்றே குறைகிறது. இந்தக் குறைவைத்தான் திரை தொடுகையாக எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்தினோம் என்பதற்கு இதில் வேலையே இல்லை.

சந்திப்புகளுக்கு இடையிலான தூரம் பொதுவாக 4 முதல் 5 மி.மீ. இருக்கும். ஒரு விரல் நுனி ஒரே நேரத்தில் பல சந்திப்புகளைப் பாதிப்பதால், எங்கே எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டு, தொடுகையின் மையத்தை ஒரு மி.மீ.க்கும் குறைவான பிழையோடு சிப் கணக்கிட்டுவிடும். 10 அங்குல டேப்லெட் ஒன்றில் இத்தகைய சந்திப்புகள் ஏறத்தாழ 1,500 வரும். ஆகவே நொடிக்கு 60 முறையோ 120 முறையோ அந்தச் சிப்புக்குக் கிடைப்பது 1,500 எண்கள் நிறைந்த ஒரு கட்டம்தான். மிக மங்கலான ஒரு நிழற்படம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தில் விரல் ஒரு சிறு வட்டத் திட்டாகவும், உள்ளங்கை உருவம் தெளியாத ஒரு பெரிய கறையாகவும் தெரியும். அந்தத் திட்டு எதனுடையது என்று சொல்லும் செய்தி எதுவும் அந்த எண்களில் கிடையாது. கீழே வரும் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவையே.

பழைய கருவிகளில் எந்தக் குச்சியாலும் எழுத முடிந்ததே?

1996-இல் வெளிவந்த பாம் பைலட் போன்ற கருவிகளில் இருந்தவை அழுத்தத்தால் இயங்கும் ரெசிஸ்டிவ் திரைகள். மேலே இருக்கும் நெகிழ்வான படலத்தை அழுத்தினால் அது கீழ்ப் படலத்தைத் தொடும். நகமோ, பிளாஸ்டிக் குச்சியோ, பேனா மூடியோ எதுவானாலும் போதும். 2007-இல் வந்த ஐபோன் மின்தேக்கத் திரையை விரலுக்கென்றே கொண்டுவந்து பரவலாக்கியது. பல விரல் சைகைகள் கிடைத்தன. கூர்முனை எழுத்து போயிற்று.

ரப்பர் முனைப் பேனாவையும் விரலையும் திரையால் பிரித்தறிய முடியுமா?

முடியாது. அந்த ரப்பர் மின்கடத்தும் தன்மை உடையது. அது உங்கள் கையின் மின்தேக்கத்தை முனை வரைக்கும் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். திரையின் கணக்கில் அது இன்னொரு விரல். முனை ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இதுவே: 1 மி.மீ. முனையால் ஏற்படும் மின்தேக்க மாற்றம் மிகச் சிறியது. சாதாரணத் திரை அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். முனையில் ஒளி ஊடுருவும் வட்டத் தகடு பொருத்திய பேனாக்களும் உண்டு. அந்தத் தகடு திரைக்கு விரலளவு பரப்பைக் காட்டுகிறது. நடுவில் இருக்கும் கூர்முனை உங்கள் கண்ணுக்காக.

திரையின் உணர்திறனைக் கூட்டி, மெல்லிய முனையையும் ஏற்கச் செய்த கருவிகள் வந்ததுண்டு. 2013-இல் வெளிவந்த சோனி எக்ஸ்பீரியா இசட் அல்ட்ராவில் சாதாரணக் கரிப் பென்சிலாலேயே எழுதலாம். பார்க்க வியப்பாகத்தான் இருக்கும். ஆயினும் பென்சிலின் பின்னால் இருப்பது வெறும் கைதான், மின்சுற்று எதுவும் இல்லை என்பதால், 'இது பென்சில்' என்று தன்னை அறிவித்துக்கொள்ள அதற்கு வழியில்லை.

மின்கலம் வைத்த, மெல்லிய முனையுள்ள, 'எல்லாக் கைப்பேசிக்கும் பொருந்தும்' பேனா அப்படியாவது அறிவிக்குமா?

இணையக் கடைகளில் அதிகம் விற்பதும், வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவதும் இந்த வகையில்தான். பெயரில் 'ஆக்டிவ்' என்று இருக்கும். சார்ஜ் செய்யவும் வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் மின்சுற்று செய்யும் வேலை, மெல்லிய முனையின் பலவீனமான விளைவைப் பெருக்கி, ஒரு முழு விரல் பட்டதுபோலத் திரையை நம்பவைப்பது மட்டுமே. அது விரல்போல நடிக்கிறது. நடிப்பு நன்றாக இருப்பதால்தான் எல்லாத் திரையிலும் எழுதுகிறது. எனவே 'எல்லாத் திரைக்கும் பொருந்தும்' என்ற விளம்பர வரியையே நான் அடையாளமாகக் கொள்வது வழக்கம்: எந்தத் திரையிலும் வேலை செய்யும் பேனாவை எந்தத் திரையும் பேனா என்று அறியாது. கையை ஊன்றினால் கோடு விழும். அழுத்தத்திற்கேற்பக் கோடு தடிக்காது.

பேனாவை உண்மையாகவே அடையாளம் காணும் கருவிகள் அதை எப்படிச் செய்கின்றன?

இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, ஜப்பானிய நிறுவனமான வாகோம் வளர்த்தெடுத்த மின்காந்த ஒத்திசைவு முறை. தொடுதிரைத் தடங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனியொரு கம்பிச்சுருள் பலகை காட்சித் திரைக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை எழுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சுருளும் மின்தேக்கியும் அந்த அதிர்வெண்ணுக்கு இசைந்து அதிரும். பலகை தன் ஒலிபரப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும்போது பேனாவின் அதிர்வு இன்னும் அடங்காமல் கேட்கும். கோயில் மணியின் நாக்கு நின்ற பிறகும் ரீங்காரம் தொடர்வதைப் போன்றது இது. பேனாவுக்கு மின்கலம் வேண்டியதில்லை. முனையை அழுத்தும்போது ஒத்திசைவு சிறிது மாறுவதால் அழுத்தமும் தெரிந்துவிடும். 2011-இல் சாம்சங் கேலக்ஸி நோட் வரிசை இந்த முறையோடுதான் தொடங்கியது. பின்னர் வந்த சாம்சங்கின் சில எஸ் பேனாக்களைச் சார்ஜ் செய்ய வேண்டியிருப்பது பொத்தானின் புளூடூத் வசதிக்காக. எழுதுவதற்கு அது தேவையில்லை.

கையால் அந்தச் சுருளைப்போல அதிர முடியாது. ஆகவே இங்கே பேனா எது, கை எது என்ற குழப்பத்திற்கே இடமில்லை: பேனா ஒரு பலகையில் தெரிகிறது, கை வேறொரு பலகையில் தெரிகிறது.

இரண்டாவது வழியில் தனிப் பலகை கிடையாது. பேனாவே மின்கலத்தின் துணையால் தன் முனையிலிருந்து ஒரு மின்குறிப்பை அனுப்புகிறது; தொடுகைக்கென்று இருக்கும் அதே தடங்கள் அதைக் கேட்கின்றன. சிப் தன் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்: சிறிது நேரம் விரலைத் தேடும், சிறிது நேரம் தன் துடிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவின் குரலுக்காகக் காத்திருக்கும். விரலால் மின்புலத்தைக் குறைக்கத்தான் முடியும். பேனாவோ தானே பேசுகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த என்-டிரிக் நிறுவனம் இந்த முறையில் முன்னோடி. மைக்ரோசாஃப்டின் முதல் இரு சர்ஃபேஸ் ப்ரோ டேப்லெட்டுகள் வாகோம் முறையில் இருந்தன. 2014-இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 3 என்-டிரிக் முறைக்கு மாறியது. மறு ஆண்டே அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. 2015-இல் வந்த ஆப்பிள் பென்சிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பென்சில் பேசத் தொடங்கியதும் அவ்வாண்டின் ஐபேட் ப்ரோ நொடிக்கு 240 முறை அதைக் கேட்கும். விரலுக்கு அது ஒதுக்குவதில் இது இரு மடங்கு.

ஒரு நிறுவனத்தின் பேனா மற்றொன்றின் திரையில் ஏன் எழுதுவதில்லை?

அவை பேசும் மொழி வேறு. மைக்ரோசாஃப்ட் ஒரு நெறிமுறையை வைத்திருக்கிறது, ஆப்பிள் வேறொன்றை, வாகோம் இன்னொன்றை. 2015-இல் தொடங்கிய யுனிவர்சல் ஸ்டைலஸ் இனிஷியேட்டிவ் என்ற கூட்டமைப்பு பொதுத் தரம் ஒன்றை வகுத்தது. யுஎஸ்ஐ எனச் சுருக்கி அழைக்கப்படும் அந்தத் தரத்தைக் கூகுளின் குரோம் ஓஎஸ் மடிக்கணினிகளான குரோம்புக்குகளில் பரவலாகக் காணலாம். பேனா வாங்கும்போது கருவியின் பெயரைக் காட்டிலும் அது எந்த நெறிமுறையை ஏற்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

பேனாவைத் திரை சரியாக அடையாளம் கண்ட பின்னும் கை பட்ட இடத்தில் கோடு விழுவது ஏன்?

பேனாவை அறிவதும் கையை விலக்குவதும் இரு வேறு பணிகள். 'இது பேனா' என்று தெரிந்துவிட்டால், எஞ்சியவை எல்லாம் கை என்பது உறுதி. ஆனால் அந்தக் கை வேண்டுமென்றே வைத்ததா, எழுதுவதற்காக ஊன்றியதா என்பது அதிலிருந்து தெரியாது. இடக்கை விரல்களால் தாளை நகர்த்திக்கொண்டே வலக்கையால் எழுத விரும்புகிறவருக்கு இரண்டும் வேண்டும்.

பெரும்பாலான கருவிகள் எளிய தீர்வை நாடுகின்றன: பேனா திரைக்கு அருகே இருக்கும் வரைக்கும் எல்லாத் தொடுகையையும் புறக்கணிப்பது. முனை திரையைத் தொடாமலேயே, சுமார் 1 செ.மீ. உயரத்தில் இருக்கும்போதே பல திரைகள் அதை உணர்ந்துவிடுவதால் இது சாத்தியமாகிறது. நாம் எழுதும் விதத்தை ஒருமுறை கவனியுங்கள். பெரும்பாலானோர் முதலில் உள்ளங்கையின் ஓரத்தை ஊன்றிவிட்டுத்தான் முனையை இறக்குகிறார்கள். முனை நெருங்குவதைத் திரை முன்னதாகவே உணர்ந்தால் உள்ளங்கை பட்டவுடன் விலக்கிவிடலாம். உணரவில்லையென்றால் அந்தத் தொடுகை சில கணங்களுக்கு நியாயமான தொடுகையாகவே செயலியை அடையும். பிறகு பேனா வந்ததும், 'முன்பு சொன்னதை மறந்துவிடு' என்று ரத்துச் செய்தி அனுப்ப வேண்டும். அந்த ரத்துச் செய்தியைச் செயலி மதிக்காமல் விட்டால் பக்கத்தின் கீழ் ஓரத்தில் பிசிறு பிசிறாகக் கோடுகள் தங்கிவிடும். கருவியின் மேல் சுமத்தப்படும் குறைகளில் கணிசமான பங்கு உண்மையில் செயலியின் குறையே.

வாகோம் வகைப் பேனாவைப் பக்கத்தின் முடிவில் நன்றாக உயர்த்திச் சிந்திக்கும்போது கோடு விழுவதும் இதனால்தான். பேனா எல்லையைத் தாண்டிவிட்டது. உள்ளங்கை இன்னும் திரையில் கிடக்கிறது.

பேனா தன்னை அறிவிக்காத நிலையில், மென்பொருள் கையை எப்படி ஊகிக்கிறது?

மென்பொருளுக்குக் கிடைக்கும் தடயங்கள் சில. தொடுகையின் பரப்பு பெரிதா, வட்டமா, நீண்ட முட்டை வடிவா என்பது ஒன்று. அது நகர்கிறதா, ஒரே இடத்தில் விரிந்து சுருங்குகிறதா என்பது மற்றொன்று. வலக்கைக்காரருக்கு உள்ளங்கை எப்போதும் முனைக்கு வலப்புறம் கீழே இருக்கும் என்பதும் உதவும். இவற்றில் எதுவுமே முதல் கணத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை. உள்ளங்கை திரையில் இறங்கும்போது முதலில் தொடுவது அதன் ஒரு சிறு மேடுதான்; அந்தக் கணத்தில் அது விரலளவே இருக்கும், பிறகுதான் விரியும்.

2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜூலியா ஷ்வார்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இதை நேர்மையாக எதிர்கொண்டது. தொடுகை வந்தவுடன் ஒரு தீர்ப்பு. பின்னர் அது வளரும் விதத்தைப் பார்த்து அரை நொடி வரை தீர்ப்பைத் திருத்திக்கொண்டே போவது. பேனாக் கோடுகளில் 98 சதவீதத்தைச் சரியாக ஏற்றதாகவும், ஒரு கோட்டுக்கு 0.016 என்ற விகிதத்தில்தான் உள்ளங்கை தவறி நுழைந்ததாகவும் அவர்கள் காட்டினார்கள். மிக நல்ல விளைவு. ஆனாலும் ஒரு பக்கத்தில் 300 கோடுகள் எழுதுவதாக வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 6 கோடுகள் காணாமல் போகும், 5 வேண்டாத கோடுகள் சேரும். ஊகத்தின் உச்சவரம்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். பரப்பு ஒன்றை மட்டும் பார்க்கும் சாதாரணச் செயலிகளிடம் இந்த அளவுத் திறனையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

தமிழில் எழுதும்போது மெய்யெழுத்துகளின் புள்ளி விடுபட்டுப் போகிறதே, அது ஏன்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் கையை விலக்கும் முறைகள் அனைத்தையும் சோதித்துப் பார்க்கத் தமிழ்ப் புள்ளியைக் காட்டிலும் கடுமையான தேர்வு எனக்குத் தெரியாது. 'பல்' என்று எழுதினால் 'பல' என்று விழுகிறது. 'கண்' 'கண' ஆகிறது.

முதற்காரணம், புள்ளியின் குறுகிய ஆயுள். முனை திரையைத் தொட்டு 50 மில்லிநொடியில் எழும்பிவிட்டால், நொடிக்கு 60 முறை பார்க்கும் திரைக்கு அது மூன்றே மூன்று காட்சிகளில்தான் தென்படும். வளர்ச்சியைப் பார்த்துத் தீர்ப்பளிக்கலாம் என்று காத்திருக்கும் மென்பொருளுக்குப் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. இதே அளவு குறுகிய, இதே அளவு சிறிய தொடுகையை இன்னொன்றும் உண்டாக்குகிறது: அடுத்த எழுத்துக்காகக் கை நகரும்போது திரையை உரசிச் செல்லும் சுண்டுவிரல் கணு. தன்னை அறிவிக்காத பேனாவின் புள்ளியும் அந்தக் கணுவின் உரசலும் எண்களின் கட்டத்தில் ஒன்றுபோலவே இருக்கும். உரசலை விலக்கும் கண்டிப்பான செயலி புள்ளியையும் சேர்த்தே விலக்கும். புள்ளியை ஏற்கும் தாராளமான செயலி பக்கமெங்கும் தேவையற்ற புள்ளிகளைத் தெளித்துவைக்கும்.

இரண்டாவது, சைகைகளோடு வரும் மோதல். நம்மில் பலர் சொல்லை முழுவதும் எழுதிவிட்டுத் திரும்பி வந்து புள்ளிகளை வரிசையாக வைக்கிறோம். 'அப்பம்' என்ற சொல்லுக்கு அடுத்தடுத்து இரண்டு தட்டல்கள். 'அஃது' என்பதில் ஆய்த எழுத்துக்கு மட்டுமே மூன்று. விரல் என்று எண்ணும் செயலிக்கு அது இரட்டைத் தட்டல். பக்கம் பெரிதாகித் துள்ளும்.

மூன்றாவது காரணத்திற்கும் கைக்கும் தொடர்பில்லை. உண்மையான பேனாவாகவே இருந்தாலும், தொடங்கிய இடத்திலேயே முடியும் கோட்டுக்கு நீளம் சுழியம். கோட்டின் முனையை வட்டமாக வரையும்படி செயலி எழுதியவர் குறிப்பிட்டிருக்காவிட்டால், நீளமில்லாத கோடு திரையில் எதையுமே வரையாது. சிறு அசைவை உதறிவிடும் வடிகட்டி வைத்திருந்தாலும் இதே கதிதான். ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் மேல் ஒரு புள்ளி போனால் வாசிப்பவர் பொறுத்துக்கொள்வார். அதனால் சோதனையில் இந்தக் குறை தப்பிவிடுகிறது. நான் ஒருமுறை இரண்டு வாரம் பேனாவையே சந்தேகித்து முனையைக்கூட மாற்றிய பிறகு, புள்ளி வைக்கும்போது முனையை இம்மியளவு இழுத்துப் பார்த்தேன். அத்தனை புள்ளிகளும் வந்துவிட்டன. குற்றவாளி செயலி.

என் கருவி பேனாவை உண்மையில் அறிகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஆண்ட்ராய்டு கருவியானால், அமைப்புகளில் உருவாக்குநர் விருப்பங்கள் என்ற பகுதியைத் திறந்து, அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை இயக்குங்கள். திரையின் மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை தோன்றும். அதன் இடக்கோடியில் இரண்டு எண்கள் இருக்கும்: இப்போது எத்தனை தொடுகைகள், அதிகபட்சம் எத்தனை ஆயின என்று. வலப்புறம் அழுத்தமும் பரப்பும் தெரியும்.

முதலில் ஆள்காட்டி விரலை வையுங்கள்: ஒன்று. அடுத்து எழுதும் பாவனையில் வெறுங்கையை மட்டும் ஊன்றுங்கள். நீங்கள் ஒரே கையைத்தான் வைத்தீர்கள். திரையோ உள்ளங்கை மேட்டை ஒன்றாகவும், அதன் விளிம்பை இன்னொன்றாகவும், சுண்டுவிரலை வேறொன்றாகவும் எண்ணிக்கொண்டு இரண்டு, மூன்று என்று காட்டக்கூடும். கையை லேசாக உருட்டினால் அந்த எண் ஏறி இறங்குவதைக் காணலாம். சில கருவிகளில் உள்ளங்கை படர்ந்தவுடன் எண் சுழியத்திற்கு இறங்கும். அங்கே கட்டுப்பாட்டுச் சிப்பே கையை விலக்குகிறது என்று பொருள்.

இப்போது கையை ஊன்றியபடியே பேனாவை நெருக்குங்கள். முனை படும் முன்பே கைத் தொடுகைகள் மறைந்தால் கருவி பேனாவை அறிகிறது. பேனாவும் சேர்ந்து எண்ணிக்கை ஒன்று கூடினால் அது விரலாகவே கருதப்படுகிறது. பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் அழுத்த எண் மாறாமல் நிற்பதும் அதையே உணர்த்தும். ஆனால் ஒரு விலக்கு: 2023-இல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலையும் லாஜிடெக் கிரேயானையும் ஐபேட் பேனா என்றே அறிகிறது, எனினும் அவற்றில் அழுத்த உணர்வு கிடையாது.

அமைப்புகளில் மாற்றக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. ஐபேடில் ஆப்பிள் பென்சிலுக்கான அமைப்பில், பென்சிலால் மட்டுமே வரைய அனுமதிக்கும் தெரிவு இருக்கிறது. விண்டோஸில் பேனா பயன்பாட்டின்போது தொடுகையைப் புறக்கணிக்கும் தெரிவு உண்டு. சாம்சங் நோட்ஸ் செயலியிலும் விரல் எழுத்தை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. ஐபேட், சாம்சங் தெரிவுகளை இயக்கியபின் விரலால் தாளை நகர்த்தலாம், ஆனால் கோடு போட முடியாது. தன்னை அறிவிக்கும் பேனா வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. விரல்போல நடிக்கும் பேனா வைத்திருப்பவர் இதை இயக்கினால் பேனாவும் சேர்ந்து ஊமையாகிவிடும்.

செயலி உருவாக்குவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இணையப் பக்கங்களில் எழுதும் வசதி தருவோர், பழைய டச் நிகழ்வுகளை விட்டு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2015-இல் வெளிவந்த பாயின்டர் ஈவென்ட்ஸ் முறைக்கு மாற வேண்டும். அதில் ஒவ்வொரு நிகழ்வோடும் 'பாயின்டர்டைப்' என்ற பண்பு வரும்; அதன் மதிப்பு 'பென்', 'டச்', 'மவுஸ்' இவற்றுள் ஒன்றாக இருக்கும். ஆண்ட்ராய்டில் 2011-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே ஸ்டைலஸ், விரல், அழிப்பான் என்று கருவி வகையைக் கேட்டறிய முடிகிறது. ஐஓஎஸ்ஸிலும் ஒவ்வொரு தொடுகைக்கும் வகை உண்டு.

வகையைக் கேட்பதைவிட ரத்துச் செய்தியை மதிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தொடுகை முடிந்தது என்ற செய்தியும் தொடுகை ரத்து என்ற செய்தியும் வேறு. முடிந்த கோட்டை வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தான கோட்டை அழிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நிரல்பகுதிக்கு அனுப்பிவிடுவது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. ஆண்ட்ராய்டு 13-லிருந்து, பல தொடுகைகள் இருக்கும்போது அவற்றில் ஒன்றை மட்டும் ரத்தானதாகக் குறிக்கும் கொடியும் (ஃபிளாக் எனப்படும் அடையாளக் குறி) சேர்க்கப்பட்டுள்ளது. விரல் எழும்பிய செய்தியோடு அது வருவதால், அந்தக் கொடியைப் பார்க்காத செயலி உள்ளங்கைத் தடத்தை நல்ல கோடாகவே சேமித்துவிடும்.

ஒருமுறை பேனா நிகழ்வு வந்துவிட்டால், அந்தப் பக்கத்தில் விரலை வரைவதற்குப் பயன்படுத்தாமல் நகர்த்துவதற்கு மட்டும் விட்டுவிடும்படி அமைப்பது பெரும்பாலானோருக்கு ஒத்துவரும். பேனா வைத்திருக்காதவரை அது பாதிக்காது. விரலால் மட்டுமே எழுதுவோர்க்குப் பரப்பை வைத்து ஊகிக்க நேர்ந்தால், எல்லை மதிப்பை ஒரே எண்ணாக நிரலில் பதிக்காதீர்கள். பரப்பைச் சொல்லும் அலகு கருவிக்குக் கருவி வேறுபடும், சில கருவிகள் எப்போதும் ஒரே மதிப்பையே தரும்.

திரைப் பாதுகாப்புக் கண்ணாடி, உறை, சார்ஜர் ஆகியவற்றால் பாதிப்பு உண்டா?

தடித்த கண்ணாடி ஒட்டினால் மின்குறிப்பு அனுப்பும் பேனாக்களின் குரல் மங்கும். வாகோம் முறைக்குக் கண்ணாடி பொருட்டல்ல. உறையில் இருக்கும் காந்தம்தான் அதற்குப் பகை, காந்தத்தின் அருகே கோடு விலகி ஓடும். தரம் குறைந்த சார்ஜரில் இணைத்தபடி எழுதும்போது யாரும் தொடாத இடங்களில் தொடுகை தோன்றினால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். வியர்த்த கை திரையில் ஈரத்தைப் பரப்பி, ஒரு தொடுகையைப் பலவாகக் காட்டும்.

கையுறை போட்டுக்கொண்டால் போதுமா?

ஓவியர்கள் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை அணிவதுண்டு. தடித்த துணி உள்ளங்கையைத் திரையிலிருந்து சற்று விலக்கி வைப்பதால் மின்தேக்க மாற்றம் எல்லைக்குக் கீழே நின்றுவிடுகிறது. பரீட்சைத் தாள் வியர்வையில் நனையாதிருக்கக் கைக்குட்டையை மடித்துக் கைக்கடியில் வைத்து எழுதினோமே, அதே கைக்குட்டை இங்கும் உதவும். நான்காக மடிக்க வேண்டும், ஈரமாகக் கூடாது. ரப்பர் முனைப் பேனாவோடு காலம் தள்ளுவோருக்கு எந்தச் செயலியையும்விட இது நம்பகமானது.

இடக்கைப் பழக்கமுள்ளோருக்குத் தொல்லை அதிகமா?

ஊகத்தை நம்பும் செயலிகளில் அதிகம். அவை உள்ளங்கை வலப்புறம் இருக்கும் என்று எதிர்பார்க்கும். சிலவற்றில் எழுதும் கையைத் தெரிவு செய்யும் அமைப்பு உண்டு, அதை மாற்றிவிட வேண்டும். கையை வளைத்து வரிக்கு மேலே வைத்து எழுதுவோரின் உள்ளங்கை முனைக்கு மேற்புறத்தில் இருப்பதால் அந்த அமைப்பும் எப்போதும் கைகொடுப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: தமிழ் இடமிருந்து வலமாக ஓடுவதால், இடக்கைக்காரரின் கை அப்போதுதான் எழுதிய எழுத்துகளின் மேல் ஊர்ந்து செல்கிறது. வலக்கைக்காரருக்கு வெற்றிடத்தில் விழும் பிசிறு, இவருக்கு எழுதிய சொல்லின் மேலேயே விழும். தேடி அழிப்பது கடினம். தன்னை அறிவிக்கும் பேனாவுக்குச் செலவிடுவதால் மற்றவர்களைவிட அதிகம் பயன் பெறுபவர்கள் இவர்கள்தான்.